ஃப்ரிட்ஜில் மாட்டிய அட்டை

வீட்டு ஓனர் படிக்கட்டில் வழிமறித்து, "எப்ப சார் காலி பண்றீங்க? புதுசா ஒரு குடும்பம் வந்து பாக்கணும்னு சொல்றாங்க" என்று கேட்டபோது, மனுஷன் ஆள் மாறிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"யாரு காலி பண்றாங்க?"

"நீங்கதான். வீட்டம்மா வந்து சொன்னாங்களே, கடலோரத்துல வேலை, அடுத்த மாசம் கிளம்பறோம்னு. நல்ல காத்து சார் அங்கெல்லாம். கொடுத்து வச்சவங்க நீங்க."

கொடுத்து வைத்தவனாம்! பல்லைக் கடித்துக்கொண்டு படியேறினேன். ஊரில் பாதிப் பேரை மேலேயும் கீழேயும் கொண்டுபோய் விடுகிற லிஃப்ட் மெக்கானிக் நான்; நான் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இந்தக் கேலியை அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு தடவை சொல்லி முடித்துவிட்டார்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி. அன்றைக்கு எனக்கு முன்னாலேயே என் கோபம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

மனைவி சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே இந்த முணுமுணுப்பு இருந்தது. நான் கேட்காமலே டீ வரும். சட்டை இஸ்திரி போட்டு மடித்திருக்கும். சரி, கடல் பைத்தியம் தெளிந்துவிட்டது, பேச்சு அடங்கிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்!

"காலி பண்றோமாமே?"

"ஆமாங்க. முன்கூட்டியே சொல்லணும்ல? அதான் ஓனர்கிட்ட சொல்லிட்டேன்" என்று திரும்பிச் சிரித்தாள்.

"யாரக் கேட்டு சொன்ன?"

கத்தி பாதிக் காயில் நின்றது. "உங்களத்தான். நீங்கதான் அட்டைய எடுத்துட்டீங்களே."

ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். கதவு துடைத்துவிட்டது போலிருந்தது. அட்டையைக் காணோம்.

அட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் கிறுக்கர்கள் என்று நினைப்பீர்கள். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் மெயின் ஸ்விட்சை அணைத்து அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவோம். 'ஆள் வேலை செய்கிறார். தொடாதே' என்று எழுதியிருக்கும். மாட்டினவன்தான் அதைக் கழற்ற வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் வேறு யாரும் தொடக் கூடாது. உள்ளே இருப்பது ஓர் உயிர். இதில் சமாதானம், சால்ஜாப்பு எதுவும் எடுபடாது.

எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, பாதி கட்டிய பொம்மை வீட்டை அம்மா பெருக்கித் தள்ளிவிடக் கூடாதென்று என் பழைய அட்டை ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். அது அப்படியே வீட்டுச் சட்டமாகிவிட்டது. ஒரு விஷயத்தில் ஒருவருக்குச் சம்மதமில்லை என்றால் அட்டையை ஃப்ரிட்ஜில் மாட்டிவிடலாம். மாட்டினவர் தானாக எடுக்கிறவரை அந்தப் பேச்சில் யாரும் ஒரு அடி முன்னே வைக்கக் கூடாது; எடுத்துவிட்டால் சம்மதம். மனைவி அந்த அட்டையில் பூப்போட்ட காந்தம் ஒன்றைக் கட்டிவைத்தாள். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். அட்டை மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

இந்தத் தடவை மாட்டினவன் நான். என் மனைவி நர்ஸ். தடுப்பூசி போட ஒரு கூட்டத்தோடு கடலோரத்தில் ஒரு மூலைக்குப் போய்வந்தாள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி, வாரத்துக்கு ஒரு தடவை டாக்டர், பொறுப்புக்கு நர்ஸ் யாரும் இல்லை. யார் வருகிறீர்கள் என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தபோது இவள் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"ஒரு தடவ வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றாள். போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அந்த ஊரில் மாடி என்று ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரி தரையில், பள்ளிக்கூடம் தரையில், கடை தரையில். எங்களுக்குக் கொடுக்கப்போகிற வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாளைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. கீல், ஆணி, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷமாகத் துருவோடு மல்லுக்கட்டுகிறவனைக் கொண்டுபோய்த் துருவின் தாய்வீட்டில் குடிவைக்கப் பார்க்கிறாளே என்று நெஞ்செல்லாம் காந்தியது. அவளோ என்னைக் கவனிக்கவே இல்லை. பூட்டியிருந்த மருந்து அறையின் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த மேசைய இந்தப் பக்கம் திருப்பிப் போட்டா வெளிச்சம் வரும்" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

"அங்க நான் எதத் தூக்கறது? மீன் கூடையவா?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டேன். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அட்டையை எடுத்து ஃப்ரிட்ஜில் அறைந்தேன்.

அந்த அட்டைதான் இப்போது இல்லை.

"நான் எடுக்கவே இல்ல" என்றேன்.

"விளையாடாதீங்க. நைட் டூட்டி முடிஞ்சு வந்து பாக்கறேன், அட்டை இல்ல. நீங்களும் வேலைக்குப் போயிட்டீங்க. வாயால சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு எடுத்து வச்சுட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன். அன்னைக்கே போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எடுக்கலன்னு சொல்றேன்ல! காதுல விழலையா?"

"அப்ப யாரு எடுத்தா? காத்தா வந்து எடுத்துச்சு?"

"அத நீதான் சொல்லணும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் எங்கே நின்றது? "உனக்கு அங்க போகணும். அட்டை குறுக்க இருந்துச்சு. எடுத்துக் கடாசிட்டு இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். நர்ஸ்கள் கழுவுகிற மாதிரி, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, நிதானமாக. பிறகு துண்டில் துடைத்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல உங்க அட்டைய ஒரு தடவையாவது நான் தொட்டிருக்கேனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

தொட்டதில்லை. அதுவும் என் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது. அப்புறம்தான் அக்கா ஞாபகம் வந்தாள். என் அக்கா இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் சும்மா உட்கார மாட்டாள், எதையாவது துடைப்பாள். நான் அட்டை மாட்டிய வாரம் வந்து ஃப்ரிட்ஜைத் துடைத்ததாகப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். உடனே போனைப் போட்டேன்.

"ஃப்ரிட்ஜுல இருந்த அட்டைய எங்க போட்ட?"

"எந்த அட்டை?"

"சிவப்பு அட்டை! அடுத்தவங்க வீட்டுல வந்து கண்டதையும் துடைக்கச் சொல்லி உன்னை யாரு கூப்பிட்டா?"

"டேய், நிறுத்து. அதுல பிசுக்கு ஒட்டியிருந்துச்சு, அதுக்குக்கூட நான் கை வைக்கல. உங்க கூத்துதான் எனக்குத் தெரியுமே. சுத்தித்தான் துடைச்சேன். வரும்போதும் இருந்துச்சு, போகும்போதும் இருந்துச்சு."

"பின்ன காலு மொளச்சுப் போயிருச்சா?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு உன்னப் பாத்துத்தாண்டா சொல்லிவச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு வந்த நாள்லேர்ந்து உங்கிட்ட இது வேணும்னு வாயத் தொறந்து ஏதாவது கேட்டிருக்காளா? முதல் தடவையா ஒண்ணு கேக்கறா. அதுக்கு இந்தக் குதி குதிக்கிற. வை போன!"

நான் வைக்கும் முன் அவளே வைத்துவிட்டாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கென்றே சில பேரை ஆண்டவன் அக்காவாகப் படைக்கிறான்.

மறுநாள் காலையில் மனைவி யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"இன்னைக்கு மத்தியானம் ஹெட் நர்ஸப் பாத்து வேண்டாம்னு சொல்லிடறேன். ஓனர்கிட்டயும் சொல்லிடுங்க."

"ஏன், இப்ப என்ன திடீர்னு?"

"நீங்க எடுக்கலன்னா அது சம்மதம் கிடையாது. அட்டை இல்லாததப் பாத்து நானா எடுத்துக்கிட்டது செல்லாது. சட்டம் சட்டம்தான்."

அவ்வளவுதான். கைப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். கடல் இல்லை, துரு இல்லை, வீடு காலி இல்லை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, டீ ஆறிப்போயிருக்கிறது என்று அந்த டம்ளர்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்கு வேலை ஒரு பழைய குடியிருப்பில். அங்கே பிரேக்கின் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்துபோய், புதுசு வருவதற்காக லிஃப்டை நிறுத்திவைத்திருந்தேன். காயில் அன்றைக்குத்தான் வந்தது. வாசலிலேயே வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். "வாங்க வாங்க, மகராசா. உங்களால இந்த பில்டிங்குல எல்லாரும் இளைச்சுட்டாங்க." படியில் ஒரு மாமி காய்கறிப் பையோடு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்ததும், "நல்லா இருப்பீங்க" என்று சொன்ன தொனியில் நான் எப்படி இருக்கப்போகிறேன் என்பது தெரிந்தது. எல்லோருக்கும் சேர்த்து ஒரு முறைப்பைக் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறி மெஷின் ரூமைத் திறந்தேன்.

ஸ்விட்ச் பெட்டியில் என் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. வேலை அட்டையைப் போலக் கம்பியில் அல்ல. பூப்போட்ட காந்தத்தில்.

விரலால் அந்தக் காந்தத்தைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் எல்லாம் மனசில் வரிசையாக ஓடியது. அட்டை காணாமல்போன அன்றைக்கு விடியும் முன் இந்தக் கட்டடத்திலிருந்துதான் போன் வந்தது: லிஃப்டில் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார், நெஞ்சு அடைக்கிறது என்கிறார், உடனே வாருங்கள் என்று. மனைவி நைட் டூட்டியில் இருந்தாள். வேலைக்கு வைத்திருந்த அட்டை வேறொரு கட்டடத்தில் மாட்டியபடி இருந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் கை மட்டும் சரியாகப் போயிருக்கிறது. தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தவன், சிவப்பைப் பார்த்ததும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். மெயின் ஸ்விட்சை அணைக்கப் போகிறவன் கை தானாக அட்டையைத் தேடும். பெரியவரை வெளியே எடுத்த பரபரப்பில் எந்த அட்டையை மாட்டினோம் என்று எவன் பார்த்தான்?

மாட்டினவனும் நான். எடுத்தவனும் நான். நடுவில் திருடி என்று பட்டம் வாங்கினவள் அவள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதாக நினைக்காதீர்கள். முதலில் தோன்றியது வேறு. அந்தக் காந்தத்தைப் பிய்த்து மொட்டைமாடியிலிருந்து வீசிவிட்டால் கதை முடிந்தது. இது எனக்கும் காந்தத்துக்கும் மட்டும்தான் தெரியும். மத்தியானம் அவள் வேண்டாமென்று சொல்லிவிடுவாள். நான் இங்கேயே இருப்பேன். காந்தத்தை உருவிக்கூட விட்டேன். கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் வரை போனேன்.

அங்கிருந்து பார்த்தால் அவளுடைய ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிந்தது. இப்போதும் அங்கே அவள் கடைசி வரிசை நர்ஸ்தான். ஏன் என்று எனக்குத் தெரியாதா? என் கம்பெனி என்னை ஊர் ஊராக மாற்றியபோதெல்லாம் அவளும் மூட்டை கட்டினாள். ஒவ்வொரு ஊரிலும் புதுசாகச் சேர்ந்தாள். ஒவ்வொரு தடவையும் முதல் படியிலிருந்து, யாரும் கேட்காத நைட் டூட்டியிலிருந்து. அப்போதெல்லாம் ஃப்ரிட்ஜில் அட்டை தொங்கவில்லை. மாட்டலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லையா, மாட்டினாலும் நான் நின்றிருக்க மாட்டேன் என்று தெரிந்துவைத்திருந்தாளா? ச்சீ என்றிருந்தது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான்.

காந்தத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காயிலை மாற்றினேன். எவ்வளவு கோபமிருந்தாலும் பிரேக்கில் நான் அவசரப்படுவதில்லை. அட்டையைக் கழற்றி, காந்தத்தை மறுபடி அதில் கட்டிக்கொண்டு, லிஃப்டை ஓட்டிப் பார்த்து, மாமியை மேலே அனுப்பிவிட்டு, மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. டூட்டியில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் வேறு கம்பெனிக்காரன் பார்ப்பது. கதவு மூடும்போது கிரீச்சென்று ஒரு சத்தம். ரோலர் தேய்ந்து எத்தனை மாசமோ. வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஒரு கூட்டம் நின்றது. திட்டிக்கொண்டே படியில் ஓடினேன்.

ஹெட் நர்ஸ் அறைக்கு வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துத் தள்ளுவண்டி. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "என்னங்க? யாருக்கு என்ன?"

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. உள்ள ஆள் இருக்காங்க."

அட்டையை எடுத்து நீட்டினேன். காந்தம் தள்ளுவண்டியின் ஓரத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"நான்தான் எடுத்தேன். மறதில எடுத்துட்டுப் போய் அங்க மாட்டியிருக்கேன்."

அவள் அட்டையைப் பார்த்தாள். "மறந்துதானே எடுத்தீங்க? தெரிஞ்சு எடுக்கலையே."

"நம்ம தொழில்ல மறதின்னு ஒண்ணு கிடையாது. மாட்டினவன் கழட்டிட்டா லிஃப்ட் ஓடும். அவ்வளவுதான். நீ போட்ட கையெழுத்து செல்லும். சட்டம் சட்டம்தான்."

பெரிய மனசோடு பேசுவதாகத்தான் நினைத்தேன். கல்யாணமானதிலிருந்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன்.

"எனக்கு உங்க சட்டமும் வேணாம், அட்டையும் வேணாம்! திருடின்னு சொன்னீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப உங்க மறதியப் பிச்சை போட வந்திருக்கீங்களா? அத வாங்கிக்கிட்டு நான் போகணுமா? ஊரே கேக்கற மாதிரி கத்தத் தெரியுது, இந்த ஒண்ண வாயால சொல்லத் தெரியாதா? வர்றீங்களா, இல்லையா?"

சக்கர நாற்காலியில் போன ஒருவர், தள்ளுகிறவரிடம் கையைக் காட்டி நிற்கச் சொன்னார்.

கடைசியில் உள்ளே கிடந்ததுதான் வந்தது. "அங்க நான் யாரு? சொல்லு. ஒரு மாடி இல்லாத ஊர்ல நான் யாரு? நர்ஸம்மா புருஷன். அவ்வளவுதானே?"

"இங்க நான் யாரு?" என்றாள். "லிஃப்ட்காரர் பொண்டாட்டி. நீங்க போன ஊருக்கெல்லாம் நான் லிஃப்ட்காரர் பொண்டாட்டிதான். செத்தா போயிட்டேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கோபம் அப்படியேதான் இருந்தது. அந்தத் தாழ்ப்பாள்மேல், உப்புக் காற்றுமேல், இதெல்லாம் முன்னாடியே தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்த என்மேல்.

"வர்றேன்!" என்று கத்தினேன். "வர்றேன், வர்றேன், வர்றேன்! போதுமா?"

கதவு திறந்து ஹெட் நர்ஸ் தலையை நீட்டினார். "யாரு அது? இது ஆஸ்பத்திரியா, சந்தையா?"

"எங்க வீட்டுக்காரர்தான் மேடம்" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒண்ணுமில்ல. சம்மதம் சொல்லிட்டிருக்காரு."

"சம்மதமா? கொலை பண்ண வந்த மாதிரி இருக்கு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

சக்கர நாற்காலிக்காரர், "சரி, போலாம்" என்றார்.

மனைவி தள்ளுவண்டியிலிருந்து அட்டையைப் பிடுங்கி, காந்தத்தைப் பிரித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, அட்டையை மட்டும் என் சட்டைப்பையில் திணித்தாள். "இது இனிமே வீட்டுக்கு வரக் கூடாது. வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க."

"சொல்றேன். அந்தக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் நான்தான் போடுவேன். எவனையும் தொட விடாத."

"போடுங்க." வண்டியைத் தள்ளத் தொடங்கினவள் நின்று திரும்பிப் பார்த்தாள். "கோபம் போச்சா?"

"போகல."

"பரவால்ல. கோபத்தோடயே வாங்க. அங்க கடல் போடற சத்தத்துல நீங்க கத்தறது யாருக்கும் கேக்காது."

சொல்லிவிட்டு வார்டுக்குள் போனாள். பேசிக்கொண்டிருந்ததில் ஏதோ ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கிற நேரம் தப்பிவிட்டது போல, வேகமாகப் போனாள்.